நிலாவுக்குத் தண்ணீர் அடித்த ஊர்

கோட்டையில் வழிகாட்டி வேலை பார்ப்பவர்களுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் லீவு. அது திங்கட்கிழமை. ஜெர்மனியில் ஃபிராங்கன் சீமையில் இருக்கிற அத்தனை கோட்டைகளுக்கும் பூட்டுப் போடுவதும் அதே திங்கட்கிழமைதான். ஆகவே ரோஸ்விதாவும் லோதரும் அந்தக் கோடை முழுக்க ஊர் ஊராகக் கோட்டை பார்க்கப் போய், கண்டதெல்லாம் கதவு.

கதவு என்றால் லேசான கதவில்லை. இரும்புப் பூண் போட்டது, ஓக் மரத்தில் செய்தது, பன்றித்தலை செதுக்கியது என்று விதவிதமான கதவுகள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு பெஞ்சு இருக்கும். திங்கட்கிழமை கேக் கடைக்கும் லீவு, சாப்பாட்டுக் கடைக்கும் லீவு என்பதால் ரோஸ்விதா பிளம்ஸ் கேக்கைத் துணியில் சுற்றி எடுத்து வருவாள். லோதர் ஃபிளாஸ்கில் காபி கொண்டு வருவார். உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே, உள்ளே என்ன இருக்கும் என்று இருவரும் பந்தயம் கட்டுவார்கள். "குதிரை லாயம் எடது பக்கம்" என்பார் அவர். "உனக்கு எல்லாமே எடது பக்கம்தான்" என்பாள் அவள். யார் சொன்னது சரி என்று போய்ப் பார்க்க வழியில்லாததால் பந்தயத்தில் யாரும் தோற்றதில்லை.

ரோஸ்விதாவுக்கு அறுபத்தொரு வயது. வைல்பாக் என்ற சின்ன ஊரில் பிறந்து, அந்த ஊர்க் கோட்டையில் இருபது வருடமாக வழிகாட்டி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "வந்தவனெல்லாம் வாயைத் தொறந்து பேசிட்டானே, அதான்" என்பாள். லோதர் ஆற்றுக்கு அந்தப் பக்கம், டோர்ன்ஸ்டைன்காரர். வீடுகளுக்குக் கணப்பு அடுப்பு பொருத்துவது அவர் தொழில். ஓய்வு பெற்ற பிறகு டோர்ன்ஸ்டைன் கோட்டையில் வழிகாட்டியாகச் சேர்ந்தவர். மனைவி தவறிப்போய் ஆறு வருடம் ஆகியிருந்தது.

மாவட்டத் தலைநகரில் வழிகாட்டிகளுக்கு முதலுதவிப் பயிற்சி நடந்தபோது, படியில் விழுந்த சுற்றுலாப் பயணியாகப் படுத்துக்கிடந்தவர் லோதர். கட்டுப் போட வந்தவள் ரோஸ்விதா. "நல்ல காலைக் கட்றீங்க, ஒடிஞ்சது அந்தக் கால்" என்று அவர் மெதுவாகச் சொன்னார். கட்டை அவிழ்க்காமல், "ரெண்டையும் கட்டிட்டா வம்பே இல்ல" என்று மற்றக் காலையும் சேர்த்துக் கட்டிவிட்டாள். அப்படித் தொடங்கியதுதான் இந்தத் திங்கட்கிழமைகள்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு பூட்டிய கதவின் முன் உட்கார்ந்திருந்தபோது லோதர் ஃபிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னார்.

"என் வீட்ல மேல் மாடி சும்மாதான் கெடக்கு, ரோஸ்விதா."

"வாடகைக்கு விடப் போறியா?"

"உன்னை வரச் சொல்றேன்."

"கொஞ்சம் இருய்யா. கேக் தொண்டையில நிக்குது."

அவர் காபியை ஊற்றி நீட்டினார். அவள் குடித்து, துடைத்து, துணியை நாலாக மடித்தாள். அவளுக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. அதே சமயம் பயமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. பயம் லோதரைப் பற்றியதல்ல. டோர்ன்ஸ்டைனைப் பற்றியது.

வைல்பாக்கும் டோர்ன்ஸ்டைனும் எர்லா ஆற்றின் இரண்டு கரைகள். இங்கே ஒரு மேடு, மேட்டில் ஒரு கோட்டை. அங்கே ஒரு மேடு, மேட்டில் ஒரு கோட்டை. நடுவில் கல்பாலம். கூப்பிட்டால் கேட்கும் தூரம். ஆனாலும் வைல்பாக்கில் பிறந்தவர்கள் டோர்ன்ஸ்டைன் கோட்டைக்கு ஏறிப் போக மாட்டார்கள். பல் டாக்டரைப் பார்க்க அந்த ஊர் வழியாகக் கார் ஓட்டிப் போவார்கள், இறங்க மாட்டார்கள். ஏன் என்று கேட்டால், "அங்க என்ன இருக்கு?" என்பார்கள். ரோஸ்விதாவும் அறுபத்தொரு வருடமாக அப்படித்தான் சொல்லி வந்தாள். தினமும் ஜன்னலைத் திறந்ததும் முகத்தில் அறைகிற மாதிரி தெரிகிற கோட்டை, உள்ளே எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

போதாக்குறைக்கு அந்த நிலாக் கதை வேறு.

வைல்பாக் கோபுர உச்சிக்குக் கூட்டத்தைக் கூட்டிப் போனதும், எதிர்க்கரையைக் கை காட்டி ரோஸ்விதா சொல்லும் கதை அது. முன்னொரு காலத்தில், ஒரு விடியற்காலையில், டோர்ன்ஸ்டைன்காரர்கள் எழுந்து பார்த்தால் வைல்பாக் கோபுரத்துக்குப் பின்னால் வானம் செக்கச்செவேல் என்று இருந்தது. தீ, தீ என்று கத்திக்கொண்டு, பாதிப் பேர் இரவுச் சட்டையோடும் குல்லாவோடும், கைப்பம்பு வண்டியை இழுத்துக்கொண்டு பாலம் தாண்டி ஓடி வந்தார்கள். கோபுரத்தின் மேல் தண்ணீர் அடித்தார்கள். சத்தம் கேட்டு ஜன்னலைத் திறந்த பாதிரியாரின் வாய் நிறையத் தண்ணீர். கொஞ்ச நேரத்தில் முழு நிலா மலைக்குப் பின்னால் இறங்கியது. டோர்ன்ஸ்டைன் தீயணைப்புப் படைத்தலைவர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "அணைஞ்சிருச்சு, வாங்க போலாம்" என்றார். இந்த இடத்தில் கூட்டம் சிரிக்கும். இருபது வருடமாகச் சிரிக்கத் தவறியதில்லை.

டோர்ன்ஸ்டைன்காரர்களுக்கு வைல்பாக்கில் பெயரே 'நிலாத் துருத்தி'தான், நிலா மேல் தண்ணீர் பீய்ச்சியவர்கள் என்று. அந்தப் பெயரை வெளியூர் வரை கொண்டு சேர்த்தவள் ரோஸ்விதா. இப்போது அவளே அங்கே குடி போனால்? ஊர் சும்மா விடுமா? ஊர் கூடப் போகட்டும், கெர்லிண்டெ விடுவாளா? கெர்லிண்டெ அவளோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், இன்று கோட்டை டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறவள். ரோஸ்விதாவுக்கு உலகத்தில் சொந்தம் என்று இருப்பது அவள் ஒருத்திதான். அவளை இழந்துவிட்டு மேல் மாடியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நிலாக் கதையை லோதரிடம் அவள் ஒரு நாளும் எடுத்ததில்லை. அவர் மனசு கஷ்டப்படுமே என்றுதான். அவரும் அந்தப் பேச்சுப் பக்கமே போகாததால், பாவம், கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

"நான் உன் கோட்டையவே பாத்ததில்லையே" என்றாள் கடைசியில்.

"எதிர்லதானே இருக்கு."

"வெளிய தெரியுது. வெளியதான் நாம எல்லாத்தையும் பாத்தாச்சே."

"அப்ப ஞாயித்துக்கெழம வா. ரெண்டு மணிக்கு என் சுத்து. டிக்கெட் எடுத்து, எல்லாரையும் மாதிரி வா. பாத்துட்டு பதில் சொல்லு."

ஞாயிறன்று தனக்குப் பதிலாகச் சுற்று எடுக்கும்படி கெர்லிண்டெயைத்தான் கேட்க வேண்டியிருந்தது. எங்கே போகிறாய் என்று கேட்டதற்கு, "சும்மா, ஒரு கோட்டை பாக்க" என்றாள்.

"ஏண்டி, வாரம் பூரா கோட்டையில இருக்கே, லீவுக்கும் கோட்டையா? புதுசா எவனாவது மாட்டிக்கிட்டானா?" என்று கெர்லிண்டெ கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினாள்.

"இந்த வயசுல என்னடி?"

"அதான் நானும் கேக்குறேன்."

ஞாயிற்றுக்கிழமை ரோஸ்விதா நல்ல கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு கல்பாலத்தில் நடந்தே போனாள். பாலத்தின் மறுகோடியில் வெண்டெலின் என்ற பழைய கசாப்புக் கடைக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து கைத்தடியைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தார். வைல்பாக் பக்கமிருந்து ஓர் ஆள் நடந்து வருவதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"எங்கம்மா தீ?" என்றார்.

"நான் சிகரெட் குடிக்கிறதில்லீங்க" என்றாள் ரோஸ்விதா.

கிழவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். என்ன சிரிப்பு இது என்று யோசித்தபடியே அவள் மேட்டில் ஏறினாள்.

டோர்ன்ஸ்டைன் கோட்டையில் பாதி இடிந்துபோயிருந்தது, பாதி ஜோராக இருந்தது. குதிரை லாயம் இடது பக்கம். வாசலில் ஒரு மரப்பெட்டி நிறையக் கம்பளிச் செருப்புகள். கூடத்தின் மரத்தரை கீறாமல் இருக்க, போட்டிருக்கும் ஷூவுக்கு மேலேயே அதை மாட்டிக்கொள்ள வேண்டும். இத்தனை வருடம் பிறருக்கு எடுத்துக் கொடுத்துத்தான் அவளுக்குப் பழக்கம். லோதர் குனிந்து ஒரு ஜோடியைத் தேடி எடுத்து, "இந்தம்மாவுக்கு இது சரியா இருக்கும்" என்று நிமிராமல் நீட்டினார். காது மட்டும் சிவந்திருந்தது. அவருக்காகவே அந்தக் கோட்டை தனக்குப் பிடித்துப்போகும் என்று அவளுக்கு அந்த நொடியில் தோன்றியது.

அப்புறம் அவள் தொழில்காரியாக மாறிவிட்டாள். கம்பளிச் செருப்பில் வழுக்கிக்கொண்டே ஒவ்வொன்றாகக் கவனித்தாள். குரல் நன்றாக இருக்கிறது. பின்னால் நிற்பவர்களையும் பார்த்துப் பேசுகிறார். வாள் மாட்டிய சுவரில் தேவையில்லாமல் நேரம் போக்குகிறார். சமையலறையின் பெரிய அடுப்பு வந்ததும் பாட்டன் சொத்தைக் காட்டுகிறவர் போல அவர் முகமே வேறாகிவிட்டது. புகை எப்படிப் போகும், சாம்பல் எங்கே விழும் என்று சொல்லிச் சொல்லி மாளவில்லை அவருக்கு. கூட்டத்தில் பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். ரோஸ்விதா விடவில்லை.

கோபுரத்தில் ஏறினார்கள். மேலே காற்று அள்ளிக்கொண்டு போனது. கைப்பிடிச் சுவருக்கு வந்து எட்டிப் பார்த்த ரோஸ்விதா அப்படியே நின்றுவிட்டாள்.

எதிரே வைல்பாக். சிவப்பு ஓடுகள், தேவாலயத்தின் கூம்பு, அதற்கு மேலே அவளுடைய கோட்டை. உள்ளே இருந்துகொண்டு கூட்டிப் பெருக்கி, கதவு பூட்டி, படி எண்ணி வாழ்ந்தவளுக்கு அது இத்தனை அழகு என்று தெரிந்ததே இல்லை. கண் கலங்கியது.

அந்த நேரம் பார்த்து, ஹாம்பர்க்கிலிருந்து வந்த மஞ்சள் மழைக்கோட்டுப் பெண் ஒருத்தி, "எதிர்ல இருக்கிறது என்ன ஊருங்க?" என்று கேட்டாள்.

வழிகாட்டியின் நாக்கு இருக்கிறதே, அதற்குத் தனியாக ஒரு மூளை உண்டு. சாவி கொடுத்தால் ஓடிவிடும்.

"அதுவா, வைல்பாக்" என்றார் லோதர். "முன்னொரு காலத்துல ஒரு சாயங்காலம் அந்த ஊர்க்காரங்க இந்தப் பக்கம் பாத்தா, எங்க கோபுரத்துக்குப் பின்னாடி வானம் செக்கச்செவேல்னு இருந்துச்சாம். தீ, தீன்னு கத்திக்கிட்டு, பாதிப் பேரு இரவுச் சட்டையும் குல்லாவுமா, கைப்பம்பு வண்டிய இழுத்துக்கிட்டுப் பாலம் தாண்டி..."

ரோஸ்விதாவுக்கு முதலில் காதை நம்ப முடியவில்லை. சட்டை, குல்லா, பம்பு, பாலம். பாதிரியார்கூட அதே பாதிரியார்.

"...நிலா கோபுரத்தை விட்டு மேல ஏறுச்சு. அவங்க படைத்தலைவர் அண்ணாந்து பாத்துட்டு, 'தீ கைக்கு எட்டாத ஒசரத்துக்குப் போயிருச்சு, இனிமே அது ஆண்டவர் பொறுப்பு'ன்னாராம்."

கூட்டம் சிரித்தது. லோதரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே திரும்பியவர் ரோஸ்விதாவின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றுபோனது. கீழே பெஞ்சில் கிழவர் 'எங்கம்மா தீ' என்றது அவளுக்கு இப்போதுதான் விளங்கியது. உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது.

"அது எங்க கதை" என்றாள்.

"ரோஸ்விதா..."

"என்ன ரோஸ்விதா? ஓடி வந்தது நீங்க. எங்க கோபுரத்துல தண்ணி அடிச்சது நீங்க. நான் இருபது வருஷமாச் சொல்றேன்."

லோதருக்கும் ரோஷம் வந்துவிட்டது. "எங்களப் பத்தியா? இருபது வருஷமாவா? ஓடி வந்தது நீங்கதான். பம்புச் சக்கரம் ஒரசுன தடம் பாலத்துக் கல்லுல இன்னும் இருக்கு."

"இருக்கு. அது உங்க சக்கரம்."

"வண்டி எந்தப் பக்கத்துலேருந்து வந்துச்சுன்னு தடத்துல எழுதியிருக்கா?"

"உங்களுக்கு எழுதியிருந்தா மட்டும் படிக்கவா தெரியும்?"

கூட்டம் டென்னிஸ் பார்க்கிற மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பியது. இதுவும் டிக்கெட்டில் சேர்த்தி என்று நினைத்து ஒருவர் கைகூடத் தட்டினார். மஞ்சள் கோட்டுப் பெண் மட்டும் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு நின்றாள்.

"எனக்கு ஒண்ணு புரியலீங்க" என்றாள். "ரெண்டு ஊருக்கும் ஆகவே ஆகாதுன்னு தெரியுது. அப்புறம் எதுக்கு, எதிராளி கோட்டை எரியுதுன்னதும் அத்தன பேரு பம்பை இழுத்துக்கிட்டு ஓடி வந்தாங்க?"

ரோஸ்விதா கைப்பிடிச் சுவர்மேல் கை ஊன்றி எதிர்க்கரையைப் பார்த்தாள். எத்தனை ஆயிரம் பேருக்கு இந்தக் கதையைச் சொல்லியிருப்பாள். சட்டையைச் சொன்னாள், குல்லாவைச் சொன்னாள், பாதிரியார் வாயைச் சொன்னாள். அவர்கள் எதற்காக ஓடினார்கள் என்பதை ஒரு தடவைகூட நினைத்ததில்லை. அடுத்த கரைக்காரன் வீடு எரிகிறதே என்று, போட்டது போட்டபடி, தூக்கம் கலையாத கண்ணோடு ஓடியிருக்கிறார்கள். தங்களைக் காப்பாற்ற வந்தவர்களை வைத்துத்தான் இரண்டு ஊரும் இத்தனை காலம் சிரித்திருக்கிறது. யார் ஓடினார்கள் என்பது இப்போது அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

"கேக்க வேண்டிய கேள்வி" என்றார் லோதர். "படி செங்குத்தா இருக்கும், பாத்து எறங்குங்க."

எல்லோரும் போன பிறகு, வாசலில் செருப்புகள் குப்பையாகக் கிடந்தன. வழிகாட்டியின் கை சும்மா இருக்காது; ரோஸ்விதா மண்டியிட்டு ஜோடி சேர்க்கத் தொடங்கினாள். லோதரும் எதிரே மண்டியிட்டார்.

"இன்னிக்கு அதச் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன்" என்றார். "வாய் கேக்கல."

"எனக்கும் கேக்காது. உன் மனசு நோகும்னு ஒரு கோடை பூரா அடக்கி வச்சிருந்தேன்."

"நானும்தான்" என்றார். அதற்கு மேல் அடக்க முடியாமல் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்பச் சொல்லு, பாத்துட்டியே" என்றார்.

"அந்த வாள் செவுத்துல நேரத்தைக் கொற. அடுப்பை விட்டுக் கொடுக்காத" என்றாள் ரோஸ்விதா. "வர்றேன். ஆனா கெர்லிண்டெகிட்ட நான் சொல்லணும். அதுக்குள்ள நீ எங்கயும் வாயத் தொறந்துராத."

மறுநாளைக்கு மறுநாள் காலையில், டிக்கெட் ஜன்னலின் உள்பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். லோதரை, மேல் மாடியை, கோபுரத்தை, இரண்டாவது நிலாவை. கெர்லிண்டெ குறுக்கே பேசாமல் கேட்டாள். அதுவே நல்ல அறிகுறி இல்லை.

"அவங்க நம்மளச் சொல்றாங்களா? நெலாக் கதைய? நம்மள?"

"நாமளும் அவங்களத்தானேடி சொன்னோம்."

"நாம சொன்னது நெசம்."

"கெர்லிண்டெ."

"எனக்கு டிக்கெட் கிழிக்கணும். தள்ளு."

அதோடு பேச்சு நின்றது. ஜன்னலுக்குள் ஒருத்தி, வெளியே ஒருத்தி; செப்டம்பர் முழுக்க, சாவியைக் கொடுக்க வேண்டியிருந்தால் மேஜையில் வைத்துத் தள்ளிவிடுவாள் கெர்லிண்டெ. ஊரில் மற்றவர்கள் 'நிலாத் துருத்தி' என்று முதுகுக்குப் பின்னால் கிண்டல் செய்ததைக்கூட ரோஸ்விதா தாங்கிக்கொண்டாள். இதைத் தாங்க முடியவில்லை. போகாமல் இருந்துவிடலாமா என்று இரண்டு முறை லோதருக்குப் போன் செய்யப் போய், எடுத்த போனை வைத்தாள். அவர் கேட்டதும் நியாயம், தனக்கு ஆசை இருப்பதும் நிஜம். ஆனால் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அந்த மேல் மாடியில் எப்படித் தூக்கம் வரும்?

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை சாமான் ஏற்ற ஒரு சின்ன வேன் சொல்லியிருந்தாள். காலையில் வேன் வரவில்லை. வாசலில் வந்து நின்றது வைல்பாக் தீயணைப்புப் படையின் சிவப்பு வண்டி. பின்னால் பம்பை இறக்கிவிட்டு இடம் பண்ணியிருந்தார்கள். படைத்தலைவர் கூனோ, கெர்லிண்டெயின் தம்பி, நாலு பேரோடு குதித்து இறங்கினார்.

"வேன்காரன வர வேண்டாம்னு சொல்லியாச்சு" என்றார். "அலமாரி எங்க?"

"யார் சொன்னது?"

"அக்கா."

"எங்க அவ?"

"முன் சீட்ல. இன்னும் பேசறதா இல்லையாம்."

ரோஸ்விதா போய்ப் பார்த்தாள். கெர்லிண்டெ நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பெரிய கறுப்பு ரொட்டி, ரொட்டியின் மேல் ஒரு கிண்ணம் உப்பு. புதுவீட்டுக்குப் போகிறவர்களுக்கு, ரொம்ப வேண்டியவர்கள் கொண்டுபோகிற பொருள் அது.

சாமான் ஏறியது. வண்டியின் தலைமேல் சுழலும் நீல விளக்கைப் போடச் சொல்லி ஆட்கள் கேட்டார்கள். தீ இல்லாமல் போடக் கூடாது, சட்டம் என்று கூனோ மறுத்துவிட்டார். ரோஸ்விதா பின்னால் தன் மெத்தைக்கும் அலமாரிக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். வண்டி பாலத்தில் மெதுவாக ஏறி, மறுகோடிக்கு வந்தது.

வெண்டெலின் கிழவர் பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டார். வைல்பாக் தீயணைப்பு வண்டி தன் கண்ணெதிரே பாலம் தாண்டி வருகிறது. ஆயுள் முழுக்க இதற்காகத்தான் காத்திருந்தவர் போல இரண்டு கையையும் விரித்தார்.

"எங்கம்மா தீ?"

கூனோ வண்டியை நிறுத்தினார். முன்பக்கக் கண்ணாடி இறங்குகிற சத்தம் கேட்டது.

"தீ இல்லீங்க" என்றது கெர்லிண்டெயின் குரல். "எங்க பொண்ணு ஒருத்தி இனிமே உங்க பக்கம் இருக்கப் போறா. அதனால சொல்லி வைக்கிறேன். உங்க கோபுரத்துக்குப் பின்னாடி வானம் கொஞ்சம் செவந்தாப் போதும், அது நெலாவா நெருப்பான்னுகூடப் பாக்க மாட்டோம். வந்துருவோம்."

கிழவருக்குச் சிரிக்க வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் கை தானாகப் போய்த் தொப்பியைக் கழற்றியது. அவர் பாதையிலிருந்த கைத்தடியை எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

மெத்தையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ரோஸ்விதா அழுதாள்.

"பின்னாடி யாரோ மூக்கு சிந்துறா" என்றாள் கெர்லிண்டெ. "மெத்தை நனையப் போவுது. வண்டிய எடு, கூனோ."